சில்லு வைத்த வீடு

என் அத்தான் கோபாலசிங்கத்துக்குப் பயப்படத் தெரிந்த அளவுக்கு வேறொன்றும் தெரியாது என்று அவர் முகத்துக்கு நேரே பலமுறை சொல்லியிருக்கிறேன். அவர் கோபிக்க மாட்டார். "ஓம் சாந்தினி, பயந்தபடியாத்தான் உயிரோடை இருக்கிறன்" என்பார்.

இத்தாலியில், பொலிதேயாமா பக்கத்துப் பழைய கட்டடங்களில் மாடிப்படி கழுவுவது அவர் வேலை. உச்சி மாடி வரைக்கும் வாளியோடு நடந்தே ஏறுவார், லிஃப்டில் கால் வைக்க மாட்டார். வீட்டு வாசலில் எப்போதும் ஒரு பை கட்டித் தயாராக இருக்கும். பாஸ்போர்ட், எல்லாருடைய பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி அட்டை, கல்யாணப் படம், டோர்ச் லைட், ஒரு பைக்கற் பிஸ்கற். பிஸ்கற்றின் திகதி முடியப் போகிறதென்றால் எடுத்து எங்களுக்குத் தேத்தண்ணியோடு தந்துவிட்டுப் புதியது வாங்கி வைப்பார். "அத்தான், இண்டைக்கு ஓடேல்லைப் போலை" என்று கேட்டுக்கொண்டே நானும் தின்றிருக்கிறேன்.

பகிடி பண்ணினாலும் காரணம் எனக்குத் தெரியும். தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணத்தை விட்டு எல்லாரும் ஒரே நாளில் வெளிக்கிட்டபோது அத்தானுக்குக் கல்யாணம் முடிந்து சில மாதம்தான். அவர் தன் கையால் கட்டின வீட்டுக்கு அப்போதுதான் ஓடு போட்டிருந்தது. கதவைப் பூட்டித் திறப்பை மடியில் கட்டிக்கொண்டு நடந்தார். திரும்பிப் போய்ப் பார்த்தபோது திறக்கக் கதவும் இல்லை, மேலே ஓடும் இல்லை. அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் அவர் நிம்மதியாக முதுகைச் சாய்த்ததில்லை.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் வீட்டுக்காரன் வந்து வீட்டைவிட்டு எழும்பச் சொன்னான். இரண்டாயிரத்துப் பதினெட்டில் நடந்தது இது. ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டால் நல்ல காசாம். அவர் மனைவி, என் அக்கா கனகேஸ்வரியும் மகள் துசானியும் ஊரெல்லாம் வீடு தேடினார்கள். போனில் துசானி பேசும் இத்தாலிய மொழியைக் கேட்டு வீட்டுக்காரர்கள் வரச் சொல்வார்கள், நேரே அக்காவின் பொட்டைப் பார்த்ததும் வீடு முந்தியே கொடுபட்டுவிட்டது என்பார்கள். நான் லிபெர்த்தாத் தெருவில் ஒரு இத்தாலியச் சிஞ்ஞோராவின் வீட்டிலேயே தங்கி வேலை செய்கிறேன். அவர்களைக் கூப்பிட்டு வைக்க எனக்கென்று ஒரு மூலைகூட இல்லை.

அந்த வருடமே பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க வேண்டியும் இருந்தது. விலாசம் இல்லாமல் குவெஸ்தூராவில், அந்தப் பொலிஸ் கந்தோரில், போய் என்ன சொல்வது? அத்தான் சாப்பாட்டைக் குறைத்துவிட்டார்.

சில்லு வைத்த வீடு இருக்கிறதென்று கண்டுபிடித்தவள் துசானி. இரண்டு அறை, குசினி, குளியலறை எல்லாம் உள்ள முழு வீடு, அடியில் நாலு சில்லு, லொறி கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகும். பிரான்காச்சோவைத் தாண்டி, மண்டரின் தோடம்பழத் தோட்டங்களுக்கு நடுவே, முன்பு ஆட்கள் கூடாரம் அடித்துத் தங்கின இடமொன்றைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்தார்கள். அங்கே கல்வீடு கட்ட அனுமதியில்லை, உருளக்கூடிய வீடு மட்டும் வைக்கலாம். அக்கா எங்கள் சனத்தின் சீட்டை முன்கூட்டியே ஏலம் கூறி எடுத்து அந்த நிலத்துண்டை வாங்கினாள். நிலம் அவர்கள் பெயரில் எழுதின அன்று அத்தான் அதில் ஒரு பிடி மண்ணை எடுத்துக் கையில் வைத்தபடி நெடுநேரம் நின்றார்.

வீட்டுக்குத்தான் வழியில்லை. வங்கியில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். அடமானம் பிடிப்பதென்றால் நிலத்தோடு ஒட்டியிருக்கும் வீடாக இருக்க வேண்டுமாம். ஓடிப்போகக்கூடிய வீட்டுக்குக் கடன் இல்லை. "எங்களைப்போலை ஆக்களுக்கு எங்களைப்போலை வீடு" என்றார் அத்தான். அவர் பகிடி விட்டு நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

கடைசியில் வீடு விற்கும் கம்பனியே தவணைக்குத் தர ஒத்துக்கொண்டது. ஐந்து வருடத் தவணை. கடைசித் தவணை கட்டும்வரை வீடு கம்பனியின் சொத்து. துசானி ஒப்பந்தத்தை வரிவரியாக வாசித்துச் சொன்னாள்.

"அப்பா, இதைக் கவனமாக் கேளுங்கோ. றுவோத்தே, சில்லு, அதைக் கழட்டக் கூடாது. வீட்டை நிலத்தோடை பொருத்தவும் கூடாது. செய்தா அவங்கள் வந்து இழுத்துக்கொண்டு போவாங்கள், கட்டின காசும் திரும்பி வராது. கபீத்தோ, விளங்குதோ?"

"ஓம், ஓம்" என்றார் அத்தான். இழுத்துக்கொண்டு போவாங்கள் என்ற இடத்திலேயே அவருடைய காது அடைத்துவிட்டது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. பிணைக்கு ஒரு ஆள் கேட்டார்கள். நான்தான் கையெழுத்துப் போட்டேன். போடும்போது வீராப்பாகத்தான் போட்டேன், வெளியே வந்தபிறகுதான் கணக்குப் பார்த்தேன். வீடு போனால் என் சம்பளத்திலும் பிடிப்பார்கள்.

வீடு வந்த நாளில் நானும் போயிருந்தேன். லொறி அதை இழுத்துவந்து மண்டரின் மரங்களுக்கு நடுவே விட்டுவிட்டு, இழுத்த கொளுவியைக் கழற்றிக்கொண்டு போனது. அக்கா உள்ளே ஓடிப்போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்த்துச் சிரித்தாள். அத்தான் கொளுவி கழன்ற இரும்பையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஒருத்தன் பின்னேரம் வந்து கொளுவினா சரி. கொண்டுவந்தவனுக்குக் கொண்டுபோக எவ்வளவு நேரம்?" என்றார்.

அன்றிலிருந்து அவருக்குப் புதுப் பயம் பிடித்தது. சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தார். பிறகு ஒரு சங்கிலி வாங்கி, நாயைக் கட்டுகிறமாதிரி வீட்டை ஒரு மண்டரின் மரத்தோடு கட்டிப் பூட்டுப் போட்டார். வேலைக்குப் போனால் நடுவில் அக்காவுக்குப் போன் எடுத்து, "நிக்குதோ?" என்று கேட்பார். வீட்டைத்தான் கேட்கிறார்.

பால் காய்ச்சினபோது எங்கள் சனம் கொஞ்சப் பேர் வந்தார்கள். கல்யாணம் காட்சிக்கெல்லாம் நாள் பார்த்துக் கொடுக்கும் ஞானசேகரம் அண்ணையும் வந்தார். வீட்டைச் சுற்றி வந்து குனிந்து அடியைப் பார்த்துவிட்டு, "எல்லாம் வடிவாத்தான் இருக்கு. மனை சாத்திரம் பாத்து நிலையம் எடுக்கேல்லையோ? அத்திவாரக்கல் வையாத வீட்டிலை எப்பிடியப்பா குடியிருக்கிறது?" என்று கேட்டார். வடையைக் கடித்துக்கொண்டு கேட்ட கேள்வி. கேட்டுவிட்டு மனிதர் போய்விட்டார். அது அத்தானின் தலைக்குள் இருந்துவிட்டது.

அடுத்த வசந்தத்தில் ஷிரோக்கோக் காற்று அடித்தது. ஆபிரிக்கப் பக்கத்து மண்ணையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து ஊரைச் சிவப்பாக்கும் காற்று. வீடு சில்லில் நின்று ஆடியது. சுவாமிப் படத்துக்கு முன்னால் ஏற்றி வைத்த விளக்கு கவிழ்ந்து எண்ணெய் ஓடியது. அக்கா பயந்து அழுதாள். "இந்த வீடு எங்களை வேண்டாம் எண்டுது" என்றாள். அத்தான் துணியை எடுத்து எண்ணெயைத் துடைத்தார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது, வாசலில் புதுச் சீமெந்து வாசம். அத்தான் வேட்டி உடுத்து, நெற்றி நிறைய விபூதியோடு நின்றார். பக்கத்தில் ஃபப்ரிஸ். மொரீசியஸ் தமிழன், மேசன் வேலை செய்பவன், தமிழ் அவ்வளவாக வராது, ஆனால் முருகன் என்றால் உருகிவிடுவான். நான் குனிந்து பார்த்தேன். வீட்டுக்கு அடியில் நடுவே குழி வெட்டி, நவதானியமும் சில்லறையும் போட்டு, மஞ்சள் பூசின கல்லொன்றை வைத்து மூடியிருந்தார்கள். நாலு சில்லையும் சுற்றிக் கொங்கிறீற். ஒவ்வொரு சில்லும் அரைவாசிக்கு மேல் அதற்குள் புதைந்திருந்தது.

"இனி ஆரும் இழுக்கேலாது பிள்ளை" என்றார் அத்தான். அந்த முகத்தில் பயமே இல்லை. இத்தனை வருடத்தில் நான் அப்படி ஒரு முகத்தை அவரிடம் கண்டதில்லை. அதனால்தான் எனக்குக் கோபம் இன்னும் கூடியது.

"உங்களுக்கு மண்டைக்குள்ளை என்ன அத்தான் இருக்கு? நிலத்தோடை பொருத்தக் கூடாதெண்டு பிள்ளை படிச்சுப் படிச்சுச் சொன்னவள்!"

"சில்லைத்தானே கழட்டக் கூடாதெண்டவை? நான் கழட்டேல்லையே. பார், நாலும் அங்கைதான் இருக்கு."

நான் வாயில் வந்ததெல்லாம் திட்டினேன். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய முகமானது. மறுநாளே துசானியின் போனுக்குக் கம்பனியிலிருந்து செய்தி வந்தது. முதல் வருடப் பரிசோதனை. வியாழக்கிழமை காலை ஒரு ஆள் இழுக்கிற வாகனத்தோடு வந்து, வீடு உருளுகிறதா என்று பார்ப்பாராம்.

அதைக் கேட்டதும் அத்தான் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். வீடு போகும். காசு போகும். விலாசம் போகும், விலாசத்தோடு பெர்மெஸ்ஸோ போகும். என் சம்பளமும் போகும். இதையெல்லாம் அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் நிறுத்தச் சொல்லிக் கத்தினேன்.

ஃபப்ரிஸ் கொங்கிறீற் உடைக்கிற மெஷினோடு வந்தான். மெஷின் இரைந்ததும் அக்கா வெளியே ஓடிவந்து வீட்டுக்கு அடியில் தவழ்ந்து போய், குழிக்கு மேலே படுத்துவிட்டாள்.

"சுத்தி என்னத்தை உடைச்சாலும் உடையுங்கோ. வைச்ச கல்லிலை கை வைக்க விடமாட்டன். வைச்ச கல்லைக் கிளப்பினா பிள்ளைக்கு ஆகாது. எனக்கு ஒரே ஒரு பிள்ளை."

கல்லை அப்படியே விட்டு, மேலே மண்ணைப் போட்டு மூடிவிட்டு, சில்லுகளைச் சுற்றி மட்டும் உடைத்தார்கள். அத்தான் வீட்டுக்குக் கீழே படுத்துக்கிடந்து சின்ன உளியால் தட்டித் தட்டி எடுத்தார். கடைசிச் சில்லில் மெஷின் வழுக்கி டயரைக் கிழித்துவிட்டது. ஃபப்ரிஸ் பிரான்காச்சோவில் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கி, வியாழன் விடிந்தபிறகுதான் ஒரு பழைய டயரோடு வந்து சேர்ந்தான்.

கம்பனி ஆளின் பெயர் சால்வோ. நல்ல பருமனான ஆள், அவசரமில்லாமல் நடந்தான். சங்கிலி கட்டின தழும்பை மரத்தில் பார்த்தான். பிறகு குந்தியிருந்து ஒரு சில்லை விரலால் தேய்த்தான். விரலில் சாம்பல் நிறத் தூள். எழும்பி அத்தானைப் பார்த்து, இது என்ன என்று கேட்டான். அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஷிரோக்கோ" என்றேன் நான்.

சால்வோ என்னைப் பார்த்தான், விரலைப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்துவிட்டது. விரலைக் காற்சட்டையில் துடைத்தான். பிறகு வீட்டைக் கொளுவியில் மாட்டினான். எல்லாரையும் வெளியே வரச் சொன்னான். அக்கா வரவில்லை. சுவாமிப் படத்துக்கு முன்னால் இருந்து, யன்னலால் கையை ஆட்டி, இழுக்கச் சொன்னாள்.

வாகனம் உறுமியது. வீடு அசையவில்லை. எங்கேயோ அடியில் கொங்கிறீற் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன். சால்வோ இன்னும் மிதித்தான். வீடு முனகியது. "வா" என்றார் அத்தான். சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "வா, வா, என்ரை ராசாத்தி, வா" என்று கெஞ்சினார். எதற்கு இத்தனை நாளும் பயந்தாரோ, அதையே செய்யச் சொல்லித் தன் வீட்டிடம் அழுதார்.

ஏதோ ஒன்று உடைகிற சத்தம் கேட்டது. வீடு உருண்டது. அத்தான் சுவரில் வைத்த கையை எடுக்காமல் கூடவே நடந்தார். சால்வோ ஒரு வீட்டு நீளத்துக்கு இழுத்து நிறுத்தி, கொளுவியைக் கழற்றி, சரி என்று கையெழுத்துப் போட்டுத் தந்தான். அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி விடமுடியுமா என்று கேட்டார். பழைய இடத்தில் மண்ணுக்குக் கீழே கல் இருந்தது.

"பின்னுக்கு இழுக்கிறதுக்கு எனக்குக் காசு தாறேல்லை, சிஞ்ஞோரே" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

அதனால் வீடு அங்கே நிற்கிறது, அத்திவாரக்கல் வீட்டுக்கு வெளியே கிடக்கிறது. மழை மேல் மண்ணைக் கழுவிவிட, மஞ்சள் கல் கொஞ்சம் தலையை நீட்டியது. அக்கா வெள்ளிக்கிழமைகளில் அதில் பூ வைப்பாள். வந்து போகிற சனம் வைரவர் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போகிறது. நானும் திருத்துவதில்லை.

போன வருடம் கடைசித் தவணை கட்டி முடிந்தது. வீடு கோபாலசிங்கத்தின் சொத்து என்று கம்பனியின் பத்திரம் வந்தது. நான் ஃபப்ரிஸின் வானில் ஒரு சீமெந்துப் பையை ஏற்றிக்கொண்டு போனேன். மனிதர் அவ்வளவு ஆசைப்பட்டாரே, அதிகாரிகளின் கண்ணில் படாமல் ஒரு படிக்கட்டாவது கட்டட்டும் என்று நினைத்தேன்.

அத்தான் ஒரு பழைய துணியால் சில்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். சீமெந்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"அதைத் திருப்பிக் குடு பிள்ளை. காத்தடிக்கிற பம்ப் ஒண்டு வாங்கி வாறியே? இந்தச் சில்லு கொஞ்சம் இறங்கிக் கிடக்கு."

"ஏன் அத்தான்? வீடு உங்கடையாப் போச்சு. இனி ஆர் வந்து இழுக்கப் போகினம்?"

"அவை இழுக்கமாட்டினம். எங்களைத்தான் போகச் சொல்லுவினம்."

நான் சண்டைக்கு வாயைத் திறந்தேன். அவர் சில்லைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"அண்டைக்கு ஊரிலை என்ரை வீட்டுக்கு நாலு சில்லு இருந்திருந்தா, ஓட்டோடை கொண்டந்திருப்பன்."

ஃபப்ரிஸின் வானிலேயே திரும்பிப் போய் பம்ப் வாங்கி வந்து கொடுத்தேன்.