கூட்டல் குறிக்குள் ஒரு வரி

முந்தாநாள் ஆபீசில் ஒரு மணி நேரம் ஒரே வாக்குவாதம். புது மென்பொருளின் கையேட்டை பிடிஎஃப்பாகக் கொடுப்பதா, இணையப் பக்கமாகப் போடுவதா? கடைசியில் இளசுகள் எல்லாம் என் பக்கம் திரும்பி, "சார், நீங்க சீனியர், எது பெஸ்ட்?" என்றார்கள். எனக்குச் சட்டென்று புதுப்புடவையின் கஞ்சி வாசனை வந்தது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

என் முதல் வேலை தி. நகரில், ஒரு புடவைக் கடையின் மாடியில். படிக்கட்டு முழுக்க அந்த வாசனைதான். ஆடி மாதம் வந்தால் கூட்டத்தை இடித்துக்கொண்டு படியேறுவதற்குள் பாதி உயிர் போய்விடும். மேலே நாங்கள் ஏழு பேர். ரத்தம் எடுத்து ரிப்போர்ட் தருகிறார்களே, அந்தப் பரிசோதனைக் கூடங்களுக்கு மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். கையேடு எழுதியவர் வைதேகி மேடம். மயிலாப்பூர்க்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் எழுதியதை அச்சுக்குத் தோதாக மாற்றுவது என் வேலை.

அப்போது மென்பொருளோடு கணினியிலேயே திறக்கும் உதவிக் கோப்பு என்று ஒன்று உண்டு. இடப்பக்கம் பொருளடக்கம், வலப்பக்கம் விளக்கம், நடுநடுவே சின்னக் கூட்டல் குறிகள். குறியை அமுக்கினால் உள்ளே மடித்து வைத்த வரிகள் விரியும். மேடத்துக்கு அதில் கொள்ளை ஆசை. "அவசரக்காராளுக்கு மேலோட்டமா இருக்கட்டும். வேணுங்கறவா பிரிச்சுப் பாத்துக்கட்டும்ப்பா" என்பார். எனக்கோ பிடிஎஃப்தான் உசத்தி. எதில் திறந்தாலும் ஒரே மாதிரி இருக்கும், அச்சடிக்கலாம் என்று அளப்பேன். எல்லாம் தெரிந்த ஏகாம்பரம் அல்லவா நான்! வாடிக்கையாளர்களும் காகிதம்தான் கேட்டார்கள், என் கட்சி ஜெயித்தது.

ஆனால் பிடிஎஃப் ஆக்குமுன் ஒவ்வொரு பக்கத்திலும் எல்லாக் கூட்டல் குறிகளையும் அமுக்கி விரிக்க வேண்டும். மடிந்திருப்பது அச்சில் வராது. ஒரு பக்கத்தில் நான் விட்டுவிட்டேன்.

அடையாறில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் அந்தக் காகிதத்தைப் பார்த்தே மென்பொருளைப் புதுப்பித்தார்கள். மூன்று மாத ரிப்போர்ட்டுகள் அழிந்தன. எங்கள் முதலாளி கையேட்டை மேடத்தின் மேஜையில் விட்டெறிந்தார்.

"முன்னாடியே காப்பி எடுத்து வைக்கணும்னு எங்கேம்மா எழுதியிருக்க? காட்டு."

"எழுதினேன் சார். நன்னா ஞாபகம் இருக்கு." புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம், "ஒரிஜினல் உன்கிட்டதானே இருக்கு? பாத்துச் சொல்லுப்பா."

போய்த் திறந்தேன். கூட்டல் குறியை அமுக்கினேன். வரி இருந்தது. அந்த மாதம்தான் என் வேலை நிரந்தரமாக வேண்டும். திரும்பி வந்து, "இல்ல மேடம்" என்றேன். அவர் எழுந்து வந்து பார்க்கவில்லை. பாவி என்னை நம்பிவிட்டார். அந்த வாரமே வேலையை விட்டுப் போனார்.

பல வருஷம் கழித்துத் திருவான்மியூர் பஸ் நிலையத்தில் மேடத்தைப் பார்த்தேன். அவரே பேச்சை எடுத்தார். "நான்தான் எழுதலையோ என்னமோ. இப்பல்லாம் எம்மேலயே நம்பிக்கை இல்லைப்பா. கேஸை அணைச்சேனான்னு பாதி வழியில ஆத்துக்குத் திரும்பிடறேன்."

"விடுங்க மேடம், பழசு" என்று சொல்லிவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறிக்கொண்டேன்.

நேற்று அந்த ஒரிஜினல் இருந்த பழைய சிடியைத் தேடி எடுத்தேன். கணினி அந்தக் கோப்பைத் திறந்து வெள்ளையாகக் காட்டியது. வேறொரு செயலியில் எழுத்து வந்தது, கூட்டல் குறி அசையவில்லை. மூன்றாவது செயலி மடிப்பையெல்லாம் தானே விரித்து வைத்திருந்தது. 'புதுப்பிக்கும் முன் நகல் எடுக்கவும். விட்டால் திரும்பக் கிடைக்காது.'

அச்சடித்து எடுத்துக்கொண்டு இன்று காலையில் மயிலாப்பூர் போனேன். அவர் வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடி. "அப்டி யாரும் இங்க இல்ல சார்" என்றார் காவலாளி. அவருடைய பழைய போன் நம்பர் உபயோகத்தில் இல்லை. தி. நகரில் அந்தப் புடவைக் கடையையும் இடித்துவிட்டார்கள். காகிதம் என் பையிலேயே இருக்கிறது. எங்கோ ஒரு தெருவில், கேஸை அணைத்தோமா என்று மேடம் இன்னமும் பாதி வழியில் திரும்பிக்கொண்டிருப்பார்.