வலது காதில் பாடியவர்

இயர்போன் கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். சனிக்கிழமை காலை, சிங்கப்பூர் புக்கிட் மேராவில் என் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, வயலின் இசை கேட்டபடி அண்ணனின் முகத்தை வரைந்துகொண்டிருந்தேன். வலப்பக்கத்து ஒலி சட்டென்று நின்றது. இரண்டையும் காது மாற்றி மாட்டிப் பார்த்தேன். அப்போதும் வலப்பக்கம்தான் மௌனமாக இருந்தது.

சளி அடைத்திருக்கும் என்று சொல்லிக்கொண்டு வாரம் முழுதும் அலுவலகம் போய்வந்தேன். இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது ஒரு காது இப்படித் திடீரென்று அடைத்துப்போனால் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

எனக்கு வந்தது திடீர் செவிநரம்புக் கேளாமை (உட்காதோ அதன் நரம்போ சட்டென்று வேலைநிறுத்தம் செய்வது). காரணம் பெரும்பாலும் தெரிவதில்லையாம். ஸ்டீராய்டு (அழற்சியைத் தணிக்கும் மருந்து) முதலில் மாத்திரையாக வந்தது. பிறகு செவிப்பறை வழியாக ஊசியாக இறங்கியது. ஊசி போட்டதும் அறை ஒருமுறை சுழன்று நின்றது. எச்சில் விழுங்காமல், பேசாமல், ஒருக்களித்துப் படுத்திருக்கச் சொன்னார்கள். காதுக்குள் மருந்து குளிர்ந்து கிடந்தது.

கேட்கும் திறன் கொஞ்சம் திரும்பியது. கொஞ்சம் மட்டும்தான். அந்தக் காதில் வயலின், தகரத்தில் கம்பி உரசுவதுபோல் ஒலித்தது. இசையை நிறுத்திவிட்டேன். இசை இல்லாமல் தூரிகையைப் பிடிப்பது எனக்குப் புதிது. யாரோ எழுந்து போன அறையில் உட்கார்ந்திருப்பது போல் இருந்தது.

அண்ணனின் அந்தப் படத்தைக் கேட்டவர் அண்ணி எஸ்தர். என் அண்ணன் சேவியர் முந்தின ஆண்டு மாரடைப்பில் போய்விட்டான். எங்கள் கோயில் பாடகர் குழுவில் வருடக்கணக்காகப் பாடியவன். தன் பாசிர் ரிஸ் வீட்டு ஹாலில் மாட்ட நான் வரைந்த படம்தான் வேண்டும் என்று அண்ணி பிடிவாதமாக இருந்தார்.

ஒரு பிற்பகல், அண்ணனின் உதடுகளுக்கு நிறம் கலந்துகொண்டிருந்தபோது ஓர் ஆண்குரல் பாடுவது கேட்டது. பக்கத்து வீட்டு ரேடியோ என்று நினைத்துக் கதவைத் திறந்தேன். தாழ்வாரத்தில் காயும் துணிகள் தவிர எதுவும் இல்லை. உள்ளே வந்து நல்ல காதை விரலால் அடைத்தேன். குரல் இன்னும் பெரிதானது.

வார்த்தைகள் இல்லை. ஒரே ஓர் இசைவரி மேலே ஏறியது, இறங்கி முடிவதற்குள் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. தூரிகையைத் தண்ணீரில் போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனேன். குரலும் கூடவே வந்தது.

மருத்துவர் இளம் தமிழ்ப் பெண். அவரிடம் சொல்லவே வெட்கமாக இருந்தது.

“பயப்படாதீங்க ஆன்ட்டி, இது பைத்தியம் இல்ல” என்றார். “காதுலேருந்து சத்தம் வரலன்னா பிரெய்ன் சும்மா இருக்காது. தனக்குத் தெரிஞ்ச பாட்ட அதுவே போட்டுக்கும்.” இதை இசைப் பிரமை (வெளியே ஒலி இல்லாதபோதும் இசை கேட்பது) என்கிறார்கள். காதுக்கருவி பொருத்தி வெளிச்சத்தம் உள்ளே போனால் பலருக்குக் குறையும் என்றார்.

“யாரோட குரல் அது, டாக்டர்?”

“உங்களோடதுதான் ஆன்ட்டி.”

அண்ணியிடம் இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். போனில் சொன்ன அன்றே எம்ஆர்டி ரயில் பிடித்து வந்து நின்றார். செருப்பைக் கழற்றியதும் கேட்டார்.

“அவர் குரலா, ரோசி?”

“தெரியல அண்ணி.”

“இப்ப பாடுறாரா?”

பாடிக்கொண்டுதான் இருந்தது. தலையசைத்தேன். அண்ணி என் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காதை என் வலது காதோடு ஒட்டவைத்தார். அவர் மூச்சை அடக்கிக்கொண்டது தெரிந்தது. அப்படியே வெகுநேரம் இருந்தோம்.

“எனக்கு ரெண்டு காதும் நல்லாத்தான் இருக்கு” என்றார் கடைசியில். “எனக்கு ஒண்ணும் கேக்க மாட்டேங்குது.”

அதன்பின் தினமும் போன் வந்தது. “இன்னிக்குப் பாடினாரா?” பாடினான் என்று சொன்னால் அண்ணியின் குரல் தெளியும். இல்லை என்றால் சீக்கிரம் வைத்துவிடுவார். காதுக்கருவிக்குப் போவதை நான் தள்ளிப்போட்டேன். அண்ணிக்காக என்று நினைத்தேன். உண்மையில் நானும் காத்திருக்கத் தொடங்கியிருந்தேன். அலுவலகத்தில் யாராவது பேசினால், அந்த வரி தடைபடுகிறதே என்று எரிச்சல் வந்தது. படத்தில் உதடுகள் வரையப்படாமலே கிடந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அண்ணியும் சிராங்கூன் சாலைக்குச் சாமான் வாங்கப் போனோம். சாலையைக் கடக்கும்போது குரல் தொடங்கியது. நான் நின்றுவிட்டேன் போலிருக்கிறது. பேருந்தின் ஹார்ன் எனக்கு எங்கிருந்தோ கேட்டது, எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. அண்ணி கையைப் பிடித்து இழுத்ததில் நடைபாதையில் முழங்கால் பட விழுந்தேன். பையிலிருந்த தக்காளி சிதறி ஓடியது.

அண்ணி என்னைத் தூக்கவில்லை. அவரும் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதார்.

“போதும் லா, ரோசி. நாளைக்கே போய் மெஷின் போட்டுக்கோ.”

“போட்டா நின்னுடும் அண்ணி.”

“நிக்கட்டும். நீயும் போயிட்டா நான் யாருக்குப் போன் பண்றது?”

காதுக்கருவி மாட்டிய முதல் நாள், பிளாஸ்டிக் பை கசங்குவதுகூடக் காதில் அறைந்தது. பழக வேண்டும் என்றார்கள். பழகப் பழகக் குரல் மெலிந்தது. முதலில் தாழ்வாரத்துக்குப் போனது, பிறகு கீழ்த்தளத்துக்கு இறங்கியதுபோல் இருந்தது. ஒருநாள் கேட்கவே இல்லை. அன்று மாலை அண்ணனின் உதடுகளை மூடியபடி வரைந்து முடித்தேன். அண்ணி படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, “பேச்ச நிப்பாட்டிட்டு நம்மளப் பாக்குற மாதிரி இருக்கு” என்றார். இப்போது போன் செய்தால் சாப்பிட்டாயா என்று கேட்கிறார், அவ்வளவுதான்.

மீண்டும் இசை கேட்கிறேன், இயர்போன் இல்லாமல், அறை முழுக்கப் பரவவிட்டு. முன்பெல்லாம் பாட்டு முடிந்தால் அத்தோடு சரி. எழுந்து தேநீர் போடுவேன். இப்போது முடிந்தபிறகும் உடம்பு எழுவதில்லை. வலப்பக்கத் தோள் கொஞ்சம் முன்னே சாய்ந்தபடி இருக்கிறது, ஏதோ இன்னும் மிச்சமிருப்பதுபோல்.

ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது எனக்கு இனி தெரியப்போவதில்லை. அதற்கு இரண்டு காதும் சரிசமமாக வேண்டுமாம். போன வாரம் தேக்கா சந்தையில் கூட்டத்துக்கு நடுவே யாரோ “ரோசி” என்றார்கள். முழு உடம்பையும் சுற்றித் திரும்பிப் பார்த்தேன். என்னைப் பார்த்து யாரும் நிற்கவில்லை. வேறு எந்த ரோசிக்காகவோ இருக்கலாம்.

இருந்தாலும் ஓரமாக ஒதுங்கி நின்றேன், கூப்பிட்டவர் வந்து சேரட்டும் என்று.