லேபிளில் நான் போட்ட வரி

இன்று திருத்தங்கல் பஸ்ஸில் முன் இருக்கைப் பெண் கைக்குழந்தைக்கு டானிக் ஊற்றினார். பாட்டிலில் ஒட்டியிருந்தது நான் டிசைன் செய்த லேபிள்.

"யார் சொல்லிம்மா இதக் குடுக்கீக?"

"டாக்டர்மாரே நல்லதுன்னு சொல்லுறாகன்னு இதுல போட்டிருக்குல்லண்ணே."

போன மாதம் எங்கள் பிரஸ்ஸுக்கு வந்த டானிக் கம்பெனிக்காரர், "ஓரத்துல இடம் சும்மா கெடக்கு, எதையாச்சும் போடுங்க" என்றார். 'மருத்துவர்கள் பரிந்துரைப்பது' என்று போட்டேன். எந்த மருத்துவரையும் கேட்கவில்லை.

"அந்த வரிய எழுதுனதே நான்தாம்மா" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "நீங்கதான் அந்த டாக்டரா? பிள்ளை விடாம இருமுது. இன்னொரு மூடி குடுக்கலாமா?"

"வேண்டாம்மா. பாட்டில மூடி வச்சிட்டு, பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க."

உடனே மூடிவிட்டார்.

நான் டாக்டர் இல்லை என்று கடைசிவரை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மூடியிருப்பாரா, நீங்களே சொல்லுங்கள்.