கவரிங் என்று நினைத்த கருமை

அண்ணி தம் தாலிச் சங்கிலியை விற்றுவிட்டு, அதே மாதிரியில் கவரிங் வாங்கி மாட்டியிருக்கிறார் என்றே எங்கள் வீட்டில் நம்பினார்கள். சான்று அவர் கழுத்திலேயே இருந்தது. சில மாதங்களில் பிடரியைச் சுற்றி, தேய்த்தாலும் போகாத அழுக்கைப் போல ஒரு கருமை படிந்திருந்தது.

அண்ணன் வளைகுடாவில் வேலையில் இருந்தார். கோவளத்து வீட்டில் அம்மாவும் அண்ணியும் நானும். அண்ணியின் தம்பி புதுப்படகு இறக்கியதிலிருந்து அம்மாவுக்குச் சந்தேகம் முற்றியிருந்தது.

"தங்கம் போட்டா கழுத்து கருக்குமா? கவரிங்குதான் கருக்கும். செயின இன்னா பண்ண?"

அண்ணி தாலியை மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொண்டு, சங்கிலியை அம்மாவின் மடியில் வைத்தார். "ஒரசிப் பாத்துனு வந்துடுங்க அத்த."

செங்கல்பட்டு நகைக்கடையில் உரசிப் பார்த்தார்கள். நல்ல தங்கம். திரும்பி வந்து அம்மா நீட்டியபோது அண்ணி வாங்கிக்கொள்ளவில்லை. "கயிறே இருக்கட்டும்" என்றார்.

அந்த ரோஷம்தான் உண்மையைக் காட்டிக்கொடுத்தது. கயிறு மட்டும் கிடந்த கழுத்தில் கருமை மேலும் அடர்ந்தது. தோல் தடித்து வெல்வெட்டுத் துணிபோல் மடிந்தது. அக்குளும் கறுத்தது, உள்ளங்கை சொரசொரத்தது.

"இப்போ கயித்துக்கும் கவரிங் பூசிட்டேன் போல கீது அத்த."

அம்மா சிரிக்கவில்லை. அவர் சந்தேகம் சங்கிலியை விட்டுத் தோலுக்கு மாறியது அன்றுதான். எனக்கோ, இரண்டு கவளத்திலேயே வயிறு நிறைந்ததென்று அண்ணி தட்டை ஒதுக்கிவந்ததும் சேர்ந்து உறுத்தியது.

செங்கல்பட்டில் தோல் மருத்துவர் அண்ணியின் உள்ளங்கைகளை நெடுநேரம் பார்த்தார். "சுகர் இல்ல, உடம்பும் பருமன் இல்ல. திடீர்னு இப்படிக் கறுத்தா தோலோட விட முடியாதும்மா, உள்ள இருக்குற கோளாறத் தோல் காட்டுதோ என்னவோ. சாப்பாடும் எறங்கலங்கிறீங்க, வயித்துக்குள்ள பாக்கணும்."

"கழுத்தக் காட்ட வந்தா வயித்துல கொழா வுடணுன்றான்" என்று அம்மா வெளியே வந்து முணுமுணுத்தார். ஆனாலும் மறுக்கவில்லை.

இரைப்பையில் புற்று இருந்தது. பரவுவதற்குள் அறுத்தெடுத்தார்கள். பின்னர், யாரும் மருந்து தடவாமலே, கழுத்து மெல்ல வெளுத்தது.

இன்றும் அண்ணி குளித்து வந்ததும் அம்மா கூப்பிடுவார். "இங்க வா, குனி." ஜன்னல் வெளிச்சத்தில் பிடரியை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, தம் கண்ணையும் நம்பாமல் என்னையும் பார்க்கச் சொல்வார். சங்கிலி பீரோவில் கிடக்கிறது. அண்ணி, அதே மஞ்சள் கயிற்றோடு, எங்களுடன் இருக்கிறார்.