ஜோடிக்கு வாங்கிய பூட்ஸ்

ஆப்புவின் சொந்தப் பெயரைக் கேட்டால் அவனே ஒரு நிமிஷம் யோசிப்பான். மரம் வெட்டும் கூட்டத்தில் அவன் வேலை ஆப்பு அடிப்பது. வெட்டுக்காரன் மெஷின் ரம்பத்தை மரத்துக்குள் ஓட்டும்போது, அந்த வெட்டில் ஆப்பைச் செருகிச் சம்மட்டியால் அறைந்து, மரத்தை வேண்டிய பக்கம் சாயவைக்க வேண்டும். மேலே ஒடிந்த கிளை ஏதாவது தொங்குகிறதா என்று பார்த்துச் சத்தம் போடுவதும் அவன்தான். ஆளுக்கு ஆள் ஆப்பு வைக்கிற இந்தக் காலத்தில் அதைப் பகலில், எல்லோர் முன்னாலும் செய்து சாப்பிடுகிற ஒரே யோக்கியன் இவன்தான் என்று மேஸ்திரி சொல்லிச் சிரிப்பார்.

சிரிப்பதற்கு அந்த மலையில் வேறொன்றும் கிடையாது. மரம் விழுவதைத் தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ களைத்துப் போய்ச் சாய்வது போல இருக்கும். பக்கத்தில் நின்று பார்த்தவனுக்குத்தான் அது எவ்வளவு வெறியோடு விழுகிறது என்று தெரியும். அடிமரம் பிளந்து பின்னால் எகிறும். ரம்பம் துள்ளி முகத்துக்கு வரும். ஒருவனுக்குத் தாடை போனது. இன்னொருவனைக் கிளை ஒன்று தரையோடு தரையாகக் குத்தி வைத்தது. அவன் கடைசிவரை தண்ணீர் கேட்டான். ஆனால் அடிக்கடி போவது கால்தான்.

அதனால் அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம். யாரும் தன் காலுக்குத் தானே பூட்ஸ் வாங்கக் கூடாது. வருஷா வருஷம் வெட்டு தொடங்குமுன் வெட்டுக்காரனுக்கு அவன் ஜோடியான ஆப்படிக்கிறவன் வாங்கித் தருவான், ஜோடிக்கு வெட்டுக்காரன். தனக்கென்று போனால் மனுஷன் கனம் இல்லாததைப் பார்ப்பான், பளபளப்பைப் பார்ப்பான். கால் நசுங்கினவனை முதுகில் சுமந்துகொண்டு மலை இறங்க வேண்டியவன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பான். வாங்கி வந்ததை வேண்டாம் என்று சொல்லவும் கூடாது. வாங்கினவன்தான் சுமக்க வேண்டும், அவ்வளவுதான் சட்டம்.

ஆப்புவின் ஜோடி அவனுடைய அத்தான். அக்காவின் புருஷன். அப்பா அம்மா போன பிறகு அக்காதான் அவனை வளர்த்தாள். அக்காவைக் கட்டிக்கொண்டு வந்தவன்தான் அவனைக் கூட்டத்தில் சேர்த்துவிட்டான். நல்ல வெட்டுக்காரன், அதை மறுக்க முடியாது. ஒரு குச்சியை நட்டுவைத்து, இதன் தலையில் விழும் என்று சொல்லி மரத்தைச் சாய்ப்பான். குச்சி மண்ணுக்குள் போய்விடும். ஆனால் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும். ரம்பம் நின்றால் ரம்பத்தை உதைப்பான். நாயை உதைப்பான். வீட்டுக் கதவை உதைத்து உதைத்தே அதற்குக் கீழ்ப்பலகை இல்லாமல் போயிருந்தது.

அக்காவை உதைக்கிறான் என்பது ஆப்புவுக்குத் தெரியும். தெரிந்தும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். இதை மூடி மறைப்பதில் அர்த்தமில்லை. அத்தான் போட்ட சோறு வாயைக் கட்டிப்போட்டிருந்தது. ஒருமுறை அக்கா பையைத் தூக்கிக்கொண்டு கீழே பஸ் நிற்கும் இடத்துக்குப் போய்விட்டாள். பஸ் வருமுன் அத்தான் செங்குத்தான சரிவில், பூட்ஸ் காலோடு, வெட்டிப் போட்ட முள்ளையும் கிளையையும் மிதித்துக்கொண்டு ஓடி வந்தான். தலைமுடியைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டு போனான். பார்த்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டேதான் நின்றார்கள்.

அந்த வருஷம் மழை விடும் சமயம். சாயங்காலம் அத்தான் வந்து நாற்காலியில் காலை நீட்டினான். அக்கா கீழே உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றுவது தினசரி வழக்கம். லேஸ் ஈரத்தில் ஊறி, முடிச்சு இறுகியிருந்தது. நகத்தால் கிள்ளினாள், பல்லால் இழுத்தாள்.

"ஒரு முடிச்சு அவுக்கத் துப்பில்ல," என்றான்.

அவள் நிமிர்வதற்குள் உதைத்தான். பூட்ஸ் முனையில் விரலுக்கு மேலே இரும்புத் தகடு வைத்துத் தைத்திருக்கும். கூட்டத்தில் அதற்கு இரும்பு மூக்கு என்று பெயர். மரத்தடி உருண்டு விழுந்தாலும் விரல் நசுங்காது. அந்த மூக்கு அவள் விலாவில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்டதாகச் சொன்னார்கள்.

மறுநாள் மரக்கிடங்கில், எல்லோர் முன்னாலும் ஆப்பு அவன்மேல் பாய்ந்தான். முதல் குத்து அத்தான் மூக்கில் விழுந்து ரத்தம் கொட்டியது. அதோடு ஆப்புவின் வீரம் சரி. அத்தான் அவன் தலையைப் பிடித்து மரத்தடி ஒன்றின்மேல் மோதினான், கீழே தள்ளினான், அப்புறம் காலால் பேசினான். ஒரு பல் போனது, காது கிழிந்தது. நாலு பேர் சேர்ந்து இழுத்துப் பிரிக்க வேண்டியிருந்தது.

"நீ மனுஷனா?" என்று ஆப்பு மண்ணில் கிடந்தபடி கேட்டான். அத்தானை அவன் 'நீ' என்றது அதுதான் முதல் தடவை.

மேஸ்திரி வந்து இருவருக்கும் நடுவில் நின்றார். "குடும்பச் சண்டையை வீட்டோட வெச்சுக்கங்க. வெட்டு ஆரம்பிக்குது. ஜோடி மாத்தறதுக்கு எங்கிட்ட ஆள் இல்ல. போய் ஆளுக்கு ஆள் பூட்ஸ் பாருங்க."

அத்தான் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். "மாப்ள நல்லதாத்தான் பாப்பான். என்னைத் தூக்க அவன் உடம்புல தெம்பு இல்ல."

டவுனில் பூட்ஸ் கடைக்குப் போய் ஆப்பு வெகுநேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கடைக்காரர் அவன் வீங்கின வாயை ஒருமுறை பார்த்தார். இரண்டு ஜோடியை எடுத்து முன்னால் வைத்தார். இரண்டிலும் அடிப்பட்டை ஒட்டினதில்லை, தைத்தது. லேஸுக்கு அடியில் வரும் நாக்கு இரண்டு பக்கமும் சேர்த்துத் தைத்திருந்ததால் மரத்தூளும் தண்ணீரும் உள்ளே புகாது. முன்பக்கத் தோலுக்குள் அடுக்கு அடுக்காக நூல். ரம்பம் தவறிப் பட்டால் நூல் சங்கிலியில் சுற்றிக்கொண்டு மெஷினை நிறுத்திவிடும். ஒன்றில் இரும்பு மூக்கு இருந்தது. இன்னொன்றில் வெறும் தோல்.

வெறும் தோலை வாங்கினால் அக்காவின் விலா தப்பிக்கும், அத்தானின் கால் தப்பிக்காது. இரும்பை வாங்கினால் நேர்மாறு. ஒருவனைக் காப்பாற்றுகிற சாமானே இன்னொருத்தியைக் கொல்லுகிற சாமானாக இருந்தால் எதைத்தான் வாங்குவது? ஆப்பு எழுந்தான். கடைக்காரரிடம் இரண்டையும் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு மலைக்குத் திரும்பிப் போனான்.

அக்கா விலாவில் துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். அவன் சொன்னதை முழுக்கக் கேட்டாள்.

"இரும்பையே வாங்கு," என்றாள்.

"அக்கா!"

"கால் போனா அந்த ஆளு எங்க இருப்பான்? நாள் பூரா வீட்டுலதான் இருப்பான். கையில ஒரு கட்டையோட." மூச்சு வாங்க நிறுத்தினாள். "இப்ப காலையில போய்ச் சாயங்காலம் வர்றான். அந்த நேரமாவது எனக்கு வேணும்டா. நல்லதாப் பாத்து வாங்கு."

ஆப்பு இரும்பு மூக்கை வாங்கினான். வாங்கிக் கொடுத்தபோது அத்தான் அதன் முனையைச் சுண்டிப் பார்த்துவிட்டு, "சபாஷ்" என்றான்.

வெட்டு தொடங்கியது. இருவரும் பேச்சுவார்த்தை இல்லாமல் மரத்துக்கு மரம் போனார்கள். பேசாவிட்டாலும் ஆப்பு மேலே பார்த்துக் கத்த வேண்டிய இடத்தில் கத்தினான். அத்தான் ஒதுங்க வேண்டிய இடத்தில் ஒதுங்கினான். வேலை என்பது அப்படி ஒரு கேவலமான விஷயம். விரோதிகளைக்கூட ஒழுங்காக நடக்கவைத்துவிடும்.

ஒரு முன்பகலில் அது நடந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் மலையின் அந்தப் பக்கம். சரிவில் சாய்த்த மரத்தை அத்தான் துண்டு போட்டுக்கொண்டிருந்தான். ஒரு துண்டு அறுபட்டதும், எதிலோ தேங்கி நின்றிருந்த தடி முழுசும் உருண்டது. ரம்பம் கையிலிருந்து பறந்தது. அத்தான் மல்லாந்து, தலை கீழ்ச் சரிவில் இருக்க விழுந்தான். தடி வந்து அவன் வலது கால்மேல் ஏறி, அங்கிருந்த அடிக்கட்டையில் முட்டி நின்றது. அதிலிருந்த கவட்டைக் கிளை ஒன்று அவன் தொடைகள்மேல் விழுந்து ஆளை அமுக்கியது.

ஆப்பு ஓடிப்போய் மண்டியிட்டான். தடியின் பாரம் முழுக்க இரும்பு மூக்கின்மேல் நின்றது. மூக்கு மடங்கவில்லை.

"விரலை அசைங்க அத்தான்."

"அசையுதுடா. எல்லாம் அசையுது. மாப்ள, நீ வாங்குன பூட்ஸு சாமிடா!" அத்தான் வானத்தைப் பார்த்துச் சிரித்தான். எழுந்து உட்காரக் கிளை விடவில்லை. பூட்ஸ் கைக்கு எட்டவில்லை. "ஆப்பை அடி. தடியைத் தூக்கு. சீக்கிரம்."

ஆப்பு ஆப்பை எடுத்தான். அடிக்கட்டைக்கும் தடிக்கும் நடுவில் இரண்டு அடி அடித்தால் போதும். சம்மட்டியை ஓங்கினான். ஓங்கின கை அப்படியே நின்றது. கீழே மரங்களுக்கு இடையில் அவர்கள் வீட்டுக் கூரை தெரிந்தது. அதற்கும் கீழே, பஸ் வரும் ரோடு.

அவன் ஆப்பை இடுப்பில் செருகினான். ரம்பத்தை எடுத்துக்கொண்டு இறங்கினான்.

"எங்கடா போற? டேய்! ஜோடியை விட்டுட்டாடா போற?"

அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். "அக்கா, கிளம்பு. அவன் தடிக்கு அடியில மாட்டியிருக்கான். பஸ் வர்ற நேரம்தான்," என்றான்.

"விரல் அசையுதா?"

"அசையுது. ஒரு காயம் இல்ல."

அவள் பையில் புடவைகளைத் திணித்தாள். வாசலுக்கு வந்ததும் ரோட்டுப் பக்கம் திரும்பாமல் மலைப் பக்கம் திரும்பினாள். ஆப்பு கையைப் பிடித்து இழுத்தும் கேட்கவில்லை. விலாவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஏறினாள். ஆப்பு ரம்பத்தோடு பின்னால் ஏறினான்.

அவளைப் பார்த்ததும் அத்தான் குரலில் தேன் வடிந்தது. "வந்துட்டியா கண்ணு. உன் தம்பிக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு. நீயாவது சொல்லு."

அவள் பையைக் கீழே வைத்தாள். அவன் காலடியில் உட்கார்ந்தாள், தினமும் உட்காருகிற மாதிரி. லேஸ் நனைந்து முடிச்சு இறுகியிருந்தது. நிதானமாக அவிழ்த்தாள். நாக்கை முன்னால் இழுத்துவிட்டு, குதிகாலைப் பிடித்து முறுக்கி அவன் காலை வெளியே உருவினாள். பூட்ஸ் தடிக்கு அடியிலேயே நின்றது. கால் பச்சைக் குழந்தையின் கால் போல வெளுத்து, முழுசாக இருந்தது.

பிறகு இடது கால் பூட்ஸையும் அவிழ்த்தாள். "அது எதுக்கு? அது நல்லாத்தான் இருக்கு," என்றான் அவன். அப்போதும் அவனுக்கு உறைக்கவில்லை.

அவள் எழுந்தாள். பூட்ஸைக் கழுத்துப் பக்கம் பிடித்து ஓங்கி, இரும்பு மூக்கு படும்படி அவன் விலாவில் ஒரே ஒரு அடி அடித்தாள். அந்தச் சத்தம் ஆப்புவுக்குக் கேட்டது. அத்தான் வாயைத் திறந்தான், காற்று வரவில்லை.

"மூச்சு விடறப்போ வலிக்கும்," என்றாள். "சிரிச்சா வலிக்கும். இருமினா செத்துப்போயிடலாம்னு இருக்கும். பழகிடும்."

ஆப்பு கவட்டைக் கிளையை ரம்பத்தால் அறுத்துவிட்டுப் பின்வாங்கினான். அத்தான் உருண்டு, எழுந்து, கையை ஓங்கிக்கொண்டு பாய்ந்தான். இரண்டாவது எட்டில் அறுத்த குச்சி ஒன்று உள்ளங்காலில் ஏறிக் கத்திக்கொண்டு உட்கார்ந்தான். அந்தச் சரிவு முழுக்க முள்ளும் சிராயும் ஈட்டி மாதிரி நிற்கும் குத்துக்கட்டைகளும்தான். பூட்ஸோடு நடக்கிறவனுக்கு அது வழி. வெறுங்காலுக்கு அது கத்திக் கிடங்கு.

"மாப்ள," என்றான் அழுகிற குரலில். "வாங்கினவன்தான்டா தூக்கணும்."

"நல்லதா வாங்கிக் குடுத்தேன்," என்றான் ஆப்பு. "தூக்க மாட்டேன்."

பஸ்ஸில் ஒற்றை பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அக்காவைக் கண்டக்டர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். "இன்னொண்ணு எங்கம்மா?" என்றார். "மேல இருக்கு," என்றாள். பாதி வழியில் ஜன்னல் வழியாக அதைப் பள்ளத்தில் போட்டாள்.

அத்தான் இருட்டுகிற நேரத்தில் தவழ்ந்து கீழே வந்து சேர்ந்தானாம். உள்ளங்கால் ஆறவே வெகுநாள் ஆனதாம். ஒருமுறை டவுனுக்குத் தேடி வந்து, அக்கா வேலை செய்யும் சலவைக்கடை முன்னால் நின்று கத்தினான். சூடான இஸ்திரிப் பெட்டியோடு அங்கே வேலை செய்யும் பெண்கள் அத்தனை பேரும் வாசலுக்கு வந்தார்கள். அதற்குப் பிறகு அவன் அந்தத் தெருப் பக்கம் வரவில்லை.

எந்த வெட்டுக் கூட்டமும் ஆப்புவை அதன்பின் சேர்க்கவில்லை. மாட்டிக் கிடந்த ஜோடியை விட்டுவிட்டு இறங்கினவன் என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். அது நியாயம்தான் என்று அவனும் நினைத்தான், அதற்காக வருத்தப்படவில்லை. இப்போது அதே பூட்ஸ் கடையில் நிற்கிறான். ஜோடிக்கு வாங்க வருகிறவனிடம் கால் அளவைக் கேட்டதும் வீட்டில் யார் யார் என்று கேட்பான். கல்யாணத் தரகரா நீ என்று சிலர் கேலி செய்வார்கள். கேலி செய்தாலும் பதில் வராமல் பெட்டியை இறக்க மாட்டான்.

போன மழை முடிந்ததும் புதிதாக ஒரு ஆப்படிக்கிறவன் வந்தான். ஜோடிக்கு வேண்டும் என்றான். "அகலக் கால்ணே. உள்ளங்கால் பூரா பழைய தழும்பு. கோவக்கார மனுஷன், லேசா இருந்தா என் தலையிலயே எறிவாரு."

ஆப்பு அளவுக்கோலைக் கீழே வைத்தான். "வீட்டுல யாரு இருக்காங்க?"

"யாருமில்ல. தனிக்கட்டை."

"நெசமா?"

"நெசமாத்தான்ணே. நாய்கூட இல்ல."

ஆப்பு ஏணியைப் போட்டு ஏறி, மேல்தட்டிலிருந்து இரும்பு மூக்கு வைத்த ஜோடியை இறக்கிக் கொடுத்தான்.