கிரேன் அத்தையின் ஈறு

நான் ஊர்சுற்றக் கிளம்பிய வெள்ளிக்கிழமை காலையில்தான் அத்தையைக் கிரேனிலிருந்து இறக்கினார்கள். துறைமுகத்தில் சரக்குப் பெட்டகம் தூக்கும் கிரேனை ஓட்டுகிற ஒரே பெண் அவள். பரிசோதனையில் சர்க்கரை எகிறியிருந்தது. மேலே மயங்கிவிட்டால் கீழே நிற்பவர்கள் கதி? குறைத்துக் காட்டும்வரை பண்டக அறையில் வேலை.

"காத்து வாங்கிட்டு இருந்தவளைக் கையுறை எடுத்துக் குடுக்க உக்கார வெச்சிட்டாங்கடி. நீயாவது பறந்து போ" என்று வழியனுப்பினாள்.

மாத்திரை, நடை, அரை வயிற்றுச் சாப்பாடு எல்லாம் பார்த்தாள். சர்க்கரை அசையவில்லை. திருட்டுத்தனமாகத் தின்கிறாளோ என்று மாமா அலமாரியைத் துழாவினாராம்.

"இனிக்கப் பேசவே ஆளில்லாத வீட்டுல இனிப்பு எங்க இருக்கும்?" என்று போனில் கேட்டாள் அத்தை.

பிறகு ஒரு பல் ஆடியது. வாயைப் பார்த்த பல் டாக்டர் திகைத்துவிட்டார்.

"இடது பக்கம் பிரஷ்ஷே படலியாம்மா?"

"ரத்தம் வந்துச்சு. அதான் ஒதுக்கி வெச்சிட்டேன். வருஷக்கணக்கா வலது பக்கம்தான் மெல்றேன்."

கிரேன்காரர் புத்தி அது. இரும்புக் கயிற்றில் இழைகள் அறுந்திருந்தால் அதில் சுமை ஏற்றக்கூடாது. சிவப்புத் துணி கட்டி ஒதுக்க வேண்டும். ஈறையும் அப்படியே ஒதுக்கிவிட்டதாக அத்தை டாக்டரிடமும் சொன்னாள்.

டாக்டர் சிரித்தார். "கயிறு சும்மா கிடக்கும். ஈறு கிடக்காதும்மா. கிருமி சேர்ந்து அழற்சி உள்ளுக்குள்ள புகைஞ்சுக்கிட்டே இருக்கும். பெருசா வலிக்காது, காய்ச்சல் வராது. ஆனா உடம்பு அதோட ஓயாம சண்டை போடும். அந்தச் சத்தத்துல இன்சுலின் சொல்றது உடம்பு காதுல சரியா விழாது."

"சரி பண்ணா சர்க்கரை இறங்குமா?"

"கொஞ்சம் இறங்கலாம். மாத்திரையும் நடையும் விடக்கூடாது."

அந்தக் கொஞ்சம்தான் அத்தைக்கு வேண்டியிருந்தது. உடனே எனக்குப் போன்.

"எதிரி என் வாய்க்குள்ள இருக்கான். உங்க மாமா அலமாரியில தேடியிருக்காரு."

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. விடுதிப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து கிடைத்ததையெல்லாம் படித்தேன். தொப்பை, தூக்கக் குறைவு, சிகரெட் எல்லாமே அதே புகைச்சலை ஊதிவிடுமாம். ஈறைச் சுத்தம் செய்துகொண்ட அத்தையிடம், நன்றாகத் தூங்கவும் சொன்னேன். "படுத்தா தூக்கம் வரணுமே, மேல போற நினைப்புதான் வருது" என்றாள்.

ஊர் திரும்பி, பெட்டி காலியாகி, மறுபடி என் கால் அரிக்கத் தொடங்கிய பிறகுதான் அத்தையின் குரல் செய்தி வந்தது. பின்னணியில் காற்று இரைந்தது.

"சர்க்கரை இறங்கிடுச்சு, துறைமுக டாக்டர் கையெழுத்துப் போட்டாச்சுடி. மேல வந்துட்டேன், இன்னும் சுமை தூக்கல. மதிலுக்கு வெளிய உங்க மாமா எறும்பு மாதிரி நின்னு கையாட்டுறாரு. நீயும் வந்து நில்லு, எறும்புக்குத் துணையா."