கம்பியில் கட்டிய துணி

மோசஸைப் போல ஒரு குழப்பக்காரனை நான் பார்த்ததில்லை. பதினெட்டு வருஷம் அவனோடு ஒரே தோல் மண்டியில் வேலை பார்த்தவன் என்பதால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. தோல் என்று வந்துவிட்டால் மட்டும் ஆள் வேறு. கண்ணை மூடிக்கொண்டு கட்டை விரலால் தடவி, இது முதல் தரம், இது மூன்றாம் தரம், இந்த ஆட்டுக்கு அம்மை கண்டிருக்கிறது என்று சொல்லிவிடுவான். மற்றபடி, சாப்பிட்டாயா என்று கேட்டால்கூட யோசிப்பான்.

அந்த மோசஸ் 1978இல் வேலையை விட்டுவிட்டு, பழைய ஜீப் ஒன்று வாங்கப் போகிறேன் என்றான். மலையடி ஊர்களுக்குத் தடுப்பூசி போடப் போகும் நர்ஸ் தேவகிருபை, வாரம் இரண்டு நாளைக்கு வாடகை வண்டி தேடிக்கொண்டிருந்தார். அந்த ஒரு வேலையை நம்பித்தான் இவ்வளவு துணிச்சல்.

"வண்டி ஓட்டத் தெரியுமாடா உனக்கு?" என்றேன்.

"வாங்கினா கத்துக்கலாம், கோதண்டம்."

தலையில் அடித்துக்கொண்டு நானும் கூடவே போனேன். ஆம்பூரில் தோல் வியாபாரம் செய்யும் அப்துல் சமத் பாயின் ஜீப் அது. மோசஸ் பானெட்டைத் திறக்கவில்லை, டயரைப் பார்க்கவில்லை. நேரே உள்ளே ஏறி, சீட்டைக் கட்டை விரலால் அழுத்தினான். "நல்ல தோலு. இன்னும் பத்து வருசம் வரும்" என்றான். வண்டி வாங்கிய லட்சணம் இவ்வளவுதான்.

உள்ளே பெரிய கியர் கம்பிக்குப் பக்கத்தில் இரண்டு சின்னக் கம்பிகள் இருந்தன. இரண்டையும் சேர்த்து ஒரு துணியால் இறுக்கிக் கட்டி, முடிச்சுப் போட்டிருந்தது. எண்ணெயும் அழுக்கும் ஏறி, துணியின் நிறமே போய்விட்டது. நான் தொடப்போனேன். மோசஸ் கையைப் பிடித்துக்கொண்டான்.

"தர்கா துணி மாதிரி இருக்குது. பச்சை தெரியுது பாரு. அவங்க மந்திரிச்சிக் கட்டினத நாம தொடக்கூடாது."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நாளைக்கு நம் வீட்டில் கட்டிய மஞ்சள் கயிற்றை வேறொருவன் அவிழ்த்தால் நமக்கு எப்படி இருக்கும்?

பாயின் டிரைவரிடமே நாலு நாள் கற்றுக்கொண்டு, லைசென்ஸும் வாங்கிவிட்டான். அப்போது ஆரம்பித்தது பேஜார். மூன்றாவது கியர் போட்டால் வண்டி காட்டுக் கத்தல் கத்தும், ஆனால் நகராது. மாட்டு வண்டிக்காரன்கூட ஒதுங்கி வழிவிட்டுச் சிரிப்பான். பெட்ரோல் குடிக்கிற குடிக்கு அளவே இல்லை. புது டயர் நாலு மாதத்தில் மொட்டை. ஸ்டியரிங்கைத் திருப்புவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். ஆனால் மலை ஏற்றம் வந்தால் போதும், அதே வண்டி ராஜா மாதிரி ஏறும். பஸ் திணறுகிற இடத்தில் இது சிரித்துக்கொண்டு போகும். இது நல்ல வண்டியா, ஓட்டை வண்டியா? எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு எழவும் புரியவில்லை.

மெக்கானிக் யாரிடம் போனாலும் மோசஸ் முதலில் சொல்வது, "அந்தத் துணிமேல மட்டும் கை வெக்காதீங்க" என்பதுதான். அவர்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டு விட்டுவிடுவார்கள். கார்புரேட்டரை மட்டும் நாலு பேர் கழற்றி நாலு விதமாக மாட்டினார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை, வண்டி ஊர்ந்த ஊர்தலில் போகிற வழியிலேயே ஐஸ் கரைந்து மருந்தெல்லாம் வீணாகிவிட்டது. தேவகிருபை சிஸ்டர் தன்மையான பொம்பளை. அவருக்கே பொறுக்கவில்லை.

"அண்ணே, கைக்குழந்தைய வெச்சிக்கினு அம்பது பொம்பளைங்க வெயில்ல நின்னாங்க. இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா நான் வேற வண்டி பாத்துக்குவேன். தப்பா நெனைக்காதீங்க."

மோசஸ் இரண்டு நாள் சோறு தின்னவில்லை. அந்த வேலை போனால் அவனுக்குப் போக்கிடம் இல்லை. விட்டுவந்த மண்டியில் வேறு ஆள் போட்டாயிற்று.

நான்தான் காசிநாதனை இழுத்துவந்தேன். பட்டாளத்தில் ஜீப் ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர். ஏறி உட்கார்ந்தவர் துணியைப் பார்த்ததும் இறங்கிவிட்டார்.

"இன்னாய்யா இது? இந்த ரெண்டும் மலைக்கும் சேத்துக்கும் போட்ற கியரு. போட்டா நாலு சக்கரமும் இழுக்கும், ஆனா ஸ்பீடு வராது. ரோட்ல எவனாவது இத்த கட்டி வெச்சிக்கினு ஓட்டுவானா?"

எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே பிய்த்து எறிந்திருப்பேன். மோசஸ் விடவில்லை.

"பாயைக் கேக்காம அவுக்கறது மரியாத இல்ல."

சரி என்று இரண்டு பேரும் சமத் பாய் வீட்டுக்குப் போனோம். டீ வந்தது. மோசஸ் தயங்கித் தயங்கி, கம்பியில் கட்டியிருக்கும் துணியை எடுக்கலாமா என்று கேட்டான்.

பாய் திகைத்துப்போனார். "என்னையா கேக்கற? அது உங்க மாதா கோயில் துணியாச்சே, தம்பி! அமிர்தி காட்டுப் பக்கத்துல இருந்த ஒரு ஃபாதர்கிட்டதான் நான் அந்த வண்டிய வாங்கினேன். நீலமா இருந்தது. பதினோரு வருசம் என் டிரைவரக்கூட தொட விட்ல."

எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. அட பைத்தியங்களா! காட்டுப் பாதையில் கியர் நழுவாமலிருக்க யாரோ கட்டிய வெறும் கந்தல்! சொல்லிவிட வாயைத் திறந்தேன். அதற்குள் பாய் பேசினார்.

"மூணு வருசம் முன்ன, என் சம்சாரம் ஹலீமா பீக்கு நெஞ்சு வலி. டிரைவர் லீவு. நானே அதுல படுக்க வெச்சி வேலூருக்கு ஓட்டினேன். மிதிமிதின்னு மிதிச்சேன், வண்டி போவல. ஒரு மணி நேர ரோடு, ரெண்டரை மணி நேரம் ஆச்சு. அர மணி முன்ன வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னாரு டாக்டர்." டம்ளரைக் கீழே வைத்தார். "ஏன் தம்பி, அந்தக் கம்பி இன்னா பண்ணும்?"

மோசஸ் என் தொடையை அழுத்திப் பிடித்தான். சாப்பிட்டாயா என்றால் யோசிக்கிறவன், இதற்கு ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"ஒண்ணும் பண்ணாது பாய். ஒடஞ்ச கம்பி. சும்மா ஆடும், அதான் கட்டி வெச்சிருக்காங்க."

வெளியே வந்ததும், "ஏன்டா பொய் சொன்னே?" என்று கத்தினேன். அவன் அழுதுகொண்டிருந்தான்.

ஊர் எல்லை தாண்டியதும் முடிச்சை அறுத்தான். கம்பிகளை மாற்றிப் போட்டதும் வண்டி பறந்தது. சிஸ்டர் அதன் பிறகு வேறு வண்டி தேடவில்லை. ஆனால் ஆம்பூருக்குள் நுழையுமுன் நிறுத்தி, பழையபடி மலைக் கியரைப் போட்டுக்கொண்டுதான் வருவான். பாய் சாகும்வரை ஆறு வருஷம் அப்படித்தான் ஓட்டினான்.

ஒரு நாள் பாயோடு அவர் வீட்டு வாசலில் நின்றிருந்தேன். மோசஸின் ஜீப் கத்திக்கொண்டு, ஊர்ந்து ஊர்ந்து எங்களைக் கடந்தது. பாய் அது தெருமுனை திரும்பும்வரை பார்த்தார்.

"பாத்தியா, கோதண்டம்? மோசஸ் ஓட்டினாலும் அவ்ளோதான் போவுது. அன்னிக்கு என் மேல தப்பில்ல."

"இல்ல பாய்" என்றேன்.